கொத்தியதா, கவ்வியதா?

பிரிவுபசார விருந்தில் என் கையில் மைக்கைத் திணித்து, "அஞ்சு நிமிஷம் பேசுங்க அங்கிள்" என்றீர்கள். நாலாவது நிமிஷத்தில் கேக்கை வெட்டிவிட்டீர்கள். நான் பேச வந்தது பாதியில் நின்றது. யாரும் கவனிக்கவில்லை, எல்லாருடைய கண்ணும் கேக்கின் மேல் இருந்தது. ஆகவே மிச்சத்தை எழுதுகிறேன். எழுத்தை யாரும் கேக் வெட்டி நிறுத்த முடியாது.

அவசரப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் மருத்துவ உதவியாளர்களே, உங்களுக்குத்தான் இது. நான் கடைசியாக வேலை பார்த்த மருத்துவமனையின் பேர் இதில் வராது. கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். தப்பு என்னுடையது, கட்டடத்துடையது அல்ல.

பாம்புக்கடி வகுப்பில் உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அதையேதான் சொன்னார்கள். நாகத்துக்கு முக்கால் மணி நேரப் பாடம். குழிவிரியனுக்கு அரை மணி நேரம். படம், வீங்கிய கால், கறுத்த விரல், எல்லாம் உண்டு. கடைசியில் 'இலேசான விஷமுள்ள பாம்புகள்' என்று ஒரு பக்கம் வரும். அதற்குள் வாத்தியாருக்குத் தேநீர் நேரம் வந்துவிடும். "இதெல்லாம் பெரிசா ஒண்ணும் இல்ல லா, வீட்டுல படிச்சுக்குங்க" என்று போய்விடுவார். நாமும் படித்துக்கொள்வோம், அதாவது படிக்க மாட்டோம்.

அந்த ஒரு பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். இந்தப் பாம்புகளுக்கு விஷப்பல் வாயின் பின்பக்கம் இருக்கும். முன்னால் நீண்டு வந்து ஒரே குத்தில் மருந்து ஏற்றுகிற வித்தை இவற்றுக்குத் தெரியாது. கவ்விப் பிடித்து, மென்று மென்று உள்ளே இறக்க வேண்டும். அதனால் பெரும்பாலான கடியில் தோலில் நாலு கீறல், கொஞ்சம் ரத்தக் கசிவு, அரிப்பு, மணிக்கட்டு வரை வீக்கம், இரண்டு நாள் குடைச்சல். அதோடு சரி. நோயாளி பாம்பை மறப்பார், நாம் நோயாளியை மறப்போம்.

இந்த வகைக் கடியில் எனக்கு முதலில் மாட்டியவர் தலைக்கவசத்தோடு வந்தார். அப்போது நான் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கிளினிக்கில் இருந்தேன். புடவைக் கடையில் வேலை பார்க்கும் மனிதர், பின்னால் இருந்த பிளாட்டில் குடியிருந்தார். மோட்டார் ஓட்டுகிற தலைக்கவசம், முகத்தை முழுக்க மூடுகிற ரகம், கண்ணாடியும் இறக்கிவிடப்பட்டிருந்தது. கடி இருந்தது விரலில். நர்சரியிலிருந்து வாங்கி வந்த பூந்தொட்டியில் மெலிசான பச்சைப் பாம்பு ஒன்று சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

"கண்குத்திப் பாம்பு டாக்டர். கண்ணுலதான் கொத்தும்."

"அண்ணே, பாம்பு இப்ப எங்க?"

"வீட்டுல, பால்கனியில."

"அப்ப இங்க எதுக்கு ஹெல்மெட்?"

 கண்ணாடிக்குள்ளிருந்து புஸ் புஸ் என்று மூச்சு மட்டும் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய இரண்டு கை விரல்களும் கொக்கி போல் மடங்கிக்கொண்டன. உதடு மரத்துப்போகிறது என்றார்.  ஆள் போய்ச் சேரப்போகிறார் என்றே நினைத்தேன், அவசர வண்டிக்கு எந்த எண்ணைக் கூப்பிடுவது என்றே மறந்துவிட்டேன். அங்கிருந்த மூத்த நர்ஸ் ஒருவர் வந்தார். தலைக்கவசத்தை இரண்டு கையாலும் பிடித்து உருவினார். "மூச்ச மெதுவா விடுங்க. என்னோட சேந்து எண்ணுங்க" என்றார். பத்து நிமிஷத்தில் விரல்கள் விரிந்தன, உதடு திரும்பி வந்தது. பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் உடம்பு அப்படித்தான் செய்யும். பாம்பு செய்தது விரலில் ஒரு சின்ன வீக்கம்.

அன்றைக்கு ஒன்றைக் கற்றேன்: இந்தப் பாம்புகளிடம் விஷம் கொஞ்சம், நோயாளியிடம் பயம் நிறைய. ரொம்ப உபயோகமான பாடம். வருஷக்கணக்கில் அதை வைத்துத்தான் ஓட்டினேன். கத்திக்கொண்டு வருகிறவர்களைச் சிரிக்க வைத்து அனுப்பினேன், எனக்கு அதில் நல்ல பேரும் கிடைத்தது. என்னைக் குப்புறத் தள்ளியதும் அதே பாடம்தான்.

பணி ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் லூர்து அக்கா வந்தார். மேரு என்ற ஊரில், தொழிற்பேட்டைக்குப் பின்னால், பாரிட் என்கிற வடிகால் ஓரமாகக் கொஞ்சம் நிலத்தில் வாழை போட்டிருந்தார்கள் அவரும் புருஷன் அந்தோணி அண்ணனும். இலையை அறுத்து, கட்டி, பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற சாப்பாட்டுக் கடைகளுக்கு வேனில் கொண்டுபோய்ப் போடுவது தொழில். அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வலக்கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, சும்மா கடைக்கு வந்த மாதிரி உள்ளே நடந்து வந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல டிரெஸ்ஸர்." ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்னமும் நம்மை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பாரிட் ஓரத்துல எலக் கட்ட நனையப் போட்டிருந்தேன். தூக்கலாம்னு அடியில கைய விட்டேன். தண்ணிப் பாம்பு. லபக்குனு கவ்விக்கிச்சு. ஒதர்றேன், ஒதர்றேன், விடமாட்டேங்குது."

"நான் வர்ற வரைக்கும் மென்னுக்கிட்டே இருந்துச்சு" என்றார் அந்தோணி அண்ணன். "ஸ்குரூடிரைவர வாயில விட்டு நெம்பித்தான் எடுத்தேன்."

"இவரு வேன விட்டு எறங்கி வர்றதுக்குள்ள அது முழுக் கையயும் தின்னுட்டு ஏப்பம் விட்டிருக்கும் லா."

மூன்று பேரும் சிரித்தோம். துணியை அவிழ்த்துப் பார்த்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், அந்த மெல்லிய சதையில், சின்னச் சின்னப் பல் தடங்கள். லேசாக ரத்தம் கசிந்தது. வீக்கம் இல்லை. வலி இல்லை. முக்கியமாகப் பயம் இல்லை. நெஞ்சில் கை வைக்கவில்லை, மாதாவே என்று கூப்பிடவில்லை, மூச்சு வாங்கவில்லை. இவ்வளவு நிதானமாக இருக்கிற ஆளுக்கு விஷம் எங்கே ஏறியிருக்கப் போகிறது என்று என் அனுபவம் சொன்னது. என் அனுபவத்தின் வாயில் அன்றைக்கு ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்க வேண்டும்.

"தண்ணிப் பாம்புக்கு விஷமே இல்லக்கா" என்றேன். புண்ணைக் கழுவினேன், கட்டுப் போட்டேன், டெட்டனஸ் ஊசி ஏற்பாடு செய்தேன். நோயாளி அட்டையில் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதினேன்: நீர்ப்பாம்பு கடித்தது, விஷமற்றது. அந்த நேரம் பார்த்து லோரியும் மோட்டாரும் மோதிய கேஸ் ஒன்று உள்ளே வந்தது. டாக்டர் கையுறையோடு ஓடிக்கொண்டிருந்தார். அட்டையை நீட்டினேன், "ஓகே லா?" என்றார், "ஓகே" என்றேன், கையெழுத்துப் போட்டார். அவர் பாம்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

எந்தப் பாம்பு கடித்திருந்தாலும் நோயாளியை வைத்திருந்து கவனிக்க வேண்டும், ரத்தம் உறைகிறதா என்று சோதிக்க வேண்டும் என்ற தாள் சுவரில் இருந்தது. அதைச் செல்லோ டேப் வைத்து ஒட்டியவனே நான்தான்.

போகும்போது வாசலில் நின்று லூர்து அக்கா கேட்டார்: "டிரெஸ்ஸர், நாளைக்குக் கடவாப் பல்லு ஒண்ணு புடுங்கணும். ரொம்ப நாளா காத்திருந்து கெடச்ச தேதி. போலாம்ல?"

"பாம்பு ஒங்க கையத்தான் கடிச்சுது, பல்ல கடிக்கல. போய்ப் புடுங்கிட்டு வாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல ஜோக் என்று எனக்கும் பட்டது.

மறுநாள் காலை அந்தோணி அண்ணன் மட்டும் வந்தார். அக்காவின் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, எங்கள் கவுண்டரிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பல் கிளினிக்கில் ஐசி கேட்கிறார்களாம், அக்காவை அங்கே உட்கார வைத்துவிட்டு எடுத்துப்போக வந்திருக்கிறார். நான் ஐசியை எடுத்துக் கொடுத்து, மரியாதைக்கு, "அக்கா எப்படி இருக்காங்க?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கா. கட்டுதான் நனைஞ்சுக்கிட்டே இருக்கு. மூணு தடவ துணி மாத்தியாச்சு. இன்னும் கசியுது. காலையில பல்லு வெளக்குறப்ப ஈறுலயும் ரத்தம். பல்லு கெட்டுப்போச்சு, அதான்னு சொல்றா."

தம்பிகளா, ஒரு சின்னக் கீறல் மறுநாள் வரைக்கும் கசியாது. கடிபட்ட கைக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு சம்பந்தமும் இல்லை, ரத்தத்தைத் தவிர. அது எனக்குத் தெரியும். தெரிந்த அந்த நிமிஷத்தில் நான் எதை நினைத்தேன் என்று உண்மையைச் சொல்கிறேன். லூர்து அக்காவை நினைக்கவில்லை. ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கிறதே என்று நினைத்தேன். அட்டையில் இருப்பது நான் எழுதிய வரியாயிற்றே என்று நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் முதலில் அதுதான் தோன்றும்.

கவுண்டருக்குப் பக்கத்தில் நின்று பாரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார் ஒரு சின்ன டாக்டர். கிளந்தான் பக்கத்து மலாய்ப் பெண், வேலைக்கு வந்து இரண்டாவது மாதம். நாங்கள் பேசிய தமிழ் அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் 'பாம்பு' என்ற வார்த்தையை எங்கள் வார்டில் எல்லாரும் கற்று வைத்திருந்தார்கள். என் முகம் வெளுத்ததையும் பார்த்திருக்கிறார்.

"அங்கிள், பாத்தோக் கெ, கிகிட் கெ?" என்று மலாயில் கேட்டார். கொத்தியதா, கடித்ததா?

அட்டையை எடுத்துப் பார்த்தேன். கடித்தது என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. கொசுவும் கடிக்கும், நாயும் கடிக்கும்.

"அண்ணே, அந்தப் பாம்பு எப்படிக் கடிச்சுதுன்னு இன்னொரு தடவ சொல்லுங்க."

அந்தோணி அண்ணன் சொல்லவில்லை, செய்து காட்டினார். என் வலக்கையை இழுத்து, கட்டை விரலுக்குப் பக்கத்தில் இருக்கிற சதையைத் தன் இரண்டு விரலால் பிடித்துக் கிள்ளினார். "இப்படிப் புடிச்சுக்கிச்சா? அவ கத்துறா. நான் வேன்ல இருக்கேன். ரேடியோ ஓடுது, எனக்குக் கேக்கல. அப்புறம் எறங்கி வர்றேன்." அவர் கதையை நிதானமாகச் சொன்னார், விரலை எடுக்கவே இல்லை, அதோடு பிசையவும் ஆரம்பித்துவிட்டார். "என்னா ஏதுன்னு பாக்குறேன். கையால இழுத்தா வரல. திரும்ப வேனுக்கு ஓடுறேன். டூல் பாக்ஸு சீட்டுக்கு அடியில மாட்டிக்கிச்சு..." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்குரூடிரைவரோடு அவர் பாரிட்டுக்குத் திரும்பி வரும் வரைக்கும் என் கையை விடவில்லை. பின்பல் பாம்பு ஒன்றுக்கு அவ்வளவு நேரம் கொடுத்தால் தன்னிடம் இருப்பதையெல்லாம் இறக்கிவிடும்.

"கழுத்து எப்படி இருந்துச்சு?"

"செவப்பு. ஒடம்பு மண்ணும் பச்சையும் கலந்த மாதிரி, கழுத்துல மட்டும் நல்லா செவப்பு. பாக்க அழகு லா."

நான் அதை மலாயில் சொன்னதும் சின்ன டாக்டர் கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்து நீட்டினார். "இதேதான்!" என்று அந்தோணி அண்ணன் ஏதோ பரிசு விழுந்த மாதிரி சந்தோஷப்பட்டார்.

அது சிவப்புக் கழுத்துப் பாம்பு. பழைய புத்தகங்களில் அதற்கு விஷமே இல்லை என்று எழுதியிருக்கும், பலர் கையில் பிடித்து விளையாடுவார்கள். சும்மா தொட்டுவிட்டுப் போனால் ஒன்றும் ஆகாது. கவ்வி மென்றால் ரத்தத்தின் உறையும் சக்தியையே தின்றுவிடும். அதுவும் உடனே இல்லை, சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள். வீக்கம் இருக்காது, வலி இருக்காது, ஆள் சிரித்துக்கொண்டே நடந்து போவார். நம் தாத்தாக்கள் விட்டுவந்த ஊரில் தண்ணிப் பாம்பு என்றால் ஒரே பாம்பு. இங்கே பாரிட் ஓரத்தில் எது நெளிந்தாலும் நம் ஜனங்களுக்கு அது தண்ணிப் பாம்பு. அக்கா இடத்தைச் சொன்னார், நான் அதைப் பாம்பின் பேராக எழுதிக்கொண்டேன்.

அந்த அக்கா இந்த நேரத்தில் பல் பிடுங்கும் நாற்காலிக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணே, அக்காவுக்குப் போன் போடுங்க!"

"அவ போனும் என்கிட்டதான் இருக்கு." சட்டைப் பையிலிருந்து இரண்டு போனை எடுத்துக் காட்டினார். "நம்பர் பத்தரைக்குத்தான் டிரெஸ்ஸர். இன்னும் நேரம் கெடக்கு."

பல் கிளினிக்குக்கு நானே போன் போட்டேன். முதல் தடவை பாட்டு ஓடி அறுந்தது. இரண்டாம் தடவை ஒரு பெண் எடுத்தார், குரலிலேயே தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்தது. அந்த நேரத்தில் நான் பேசியதைக் கேளுங்கள். "வணக்கம்மா. ஒங்ககிட்ட வந்திருக்கிற ஒரு பேஷன்ட் விஷயமா, சிகிச்சைய கொஞ்சம் ஒத்திவைக்க முடியுமான்னு, நாங்க இங்க ஒரு மறுபரிசீலனை..." மந்திரி மாதிரி பேசினேன். என் தப்பு எந்தப் பக்கமும் தெரியாத மாதிரி நாலு பக்கமும் மூடிப் பேசினேன்.

"சார், பேஷன்ட் உள்ள போயாச்சு. முன்னாடி இருந்தவரு வரல, அதனால அவங்கள கூப்பிட்டாச்சு. ஐசி அப்புறம் பதிஞ்சுக்கலாம். டாக்டர் கை வேலையா இருக்காங்க. நம்பர் குடுங்க, கூப்பிடச் சொல்றேன்."

நான் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆமாம், சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு எண் சொல்லியும் விட்டேன். சின்ன டாக்டர் என் முழங்கையைத் தட்டினார். "அங்கிள், அவங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க" என்றார் மலாயில். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் கண்ணை என் மேலிருந்து எடுக்கவில்லை.

"தங்கச்சி, இங்க கேளு" என்றேன். "நேத்து நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்தம்மாவ வெஷப் பாம்பு கடிச்சிருக்கு. நான் வெஷம் இல்லன்னு எழுதி அனுப்பிட்டேன். பல்லப் புடுங்கினா ரத்தம் நிக்காது. செத்துடுவாங்க. ஓடு, ஓடிப் போய் டாக்டர் கையப் புடி!"

போன் மேசையில் விழுந்த சத்தம் கேட்டது. செருப்பு ஓடுகிற சத்தம், கதவு, ஒரு குரல். அப்புறம் தட்டில் இரும்பு ஏதோ வைக்கிற சத்தம். நானும் அந்தோணி அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்திருந்தது. பல் டாக்டர் வந்து பேசினார். பல்லைத் தொடவில்லை. ஆனால் மரத்துப்போகிற ஊசி போட்டாயிற்று.

அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் அக்காவை எங்களிடம் கொண்டுவந்தது. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் உள்ளுக்குள்ளேயே கசிந்து, ஒரு பக்கக் கன்னம் எலுமிச்சம்பழம் அடக்கிய மாதிரி இருந்தது. நீலம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஊசித் துளைக்கே இவ்வளவு என்றால், பல் பிடுங்கிய குழிக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தம் எடுத்தோம். மெஷினுக்கு அனுப்பியது போக, சுத்தமான கண்ணாடிக் குழாய் ஒன்றில் கொஞ்சம் ஊற்றி மேசையில் நிற்க வைத்தோம். இருபது நிமிஷம் யாரும் தொடக்கூடாது. இந்தச் சோதனைக்குப் படிப்பே வேண்டாம், கடிகாரம் இருந்தால் போதும். அதைத்தான் நான் முதல் நாள் செய்யவில்லை. நேரமாயிற்று என்றதும் சின்ன டாக்டர் குழாயைச் சாய்த்தார். உறைந்த ரத்தம் அசையாது. இது தண்ணீராக ஓடியது.

அதற்குள் அக்காவால் தெளிவாகப் பேச முடியவில்லை. நாக்குக்கு அடியிலும் வீக்கம் வந்துவிட்டது. எங்களிடம் இருந்த விஷமுறிவு மருந்துகள் எதுவும் இந்தப் பாம்புக்கு ஒத்துவராது. அதற்கென்று செய்கிற மருந்து வேறு நாட்டில் இருக்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களை ஏற்றுவது, தொண்டை அடைத்தால் குழாய் போடத் தயாராக நிற்பது, உடம்பு தானாக மீண்டும் செய்துகொள்ளும் வரை காத்திருப்பது, இவ்வளவுதான் வழி. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். வண்டியில் நானும் ஏறினேன். யாரும் ஏறச் சொல்லவில்லை.

அங்கே நடையில் அந்தோணி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் இருந்த தாள், டாக்டர் பார்க்காமல் போட்ட கையெழுத்து, வாசலில் நான் அடித்த ஜோக், எல்லாம். அவர் ஐசியை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது லா டிரெஸ்ஸர்" என்றார். நன்றியாகவும் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. பிறகு எழுந்து நாலு நாற்காலி தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார். அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. என்னை அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

முதல் மூன்று நாள் குழாயை எப்போது சாய்த்தாலும் ஓடியது. வேலை முடிந்து தினமும் போய் வாசலில் நின்று நர்ஸிடம் கேட்டுவிட்டு வருவேன். உள்ளே போகிற தைரியம் இல்லை. தூக்கமும் இல்லை, என் வீட்டுக்காரிக்கும் இல்லை. நாலாம் நாள் நர்ஸ் என்னைத் தேடி வெளியே வந்தார். "நின்னுச்சு" என்றார். எது நின்றது, மூச்சா என்றே கேட்டுவிட்டேன். குழாயில் ரத்தம் நின்றிருக்கிறது. மனிதர்களுக்கு நல்ல சேதி சொல்லும்போதாவது எழுவாய் வைத்துப் பேசுங்கள், தயவுசெய்து.

என் பேரில் விசாரணை நடந்தது. நடக்க வேண்டியதுதான். அதில் எனக்குக் கிடைத்ததைப் பற்றி இங்கே அழப்போவதில்லை. அட்டையில் என் பழைய வரியை அழிக்காமல் ஒரு கோடு இழுத்து, கையெழுத்துப் போட்டு, கீழே அக்கா சொன்னதை அக்கா சொன்னபடியே எழுதினேன். கவ்விக்கிச்சு, விடமாட்டேங்குது, மென்னுக்கிட்டே இருந்துச்சு. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் எழுதினேன். மேலதிகாரி ஒருவர் "இது என்ன அங்கிள், நாடகமா?" என்று கேட்டார். "ஆமா சார், பாம்பு நடிச்ச பகுதி" என்றேன்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அன்றைக்குக் கேக் வந்து கெடுத்துவிட்டது. நம் ஆள் ஒருவர் கொத்துச்சு என்கிறாரா, கடிச்சுது என்கிறாரா, கவ்வுச்சு என்கிறாரா, உரசிட்டுப் போச்சு என்கிறாரா என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். அந்த ஒரு சொல்லில் பல் எங்கே இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்பதெல்லாம் இருக்கிறது. நீங்கள் தமிழ் தெரிந்தவர்கள் என்பதற்காகத்தான் அவரை உங்களிடம் அனுப்புகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு 'கடி' என்று எழுதினால், தமிழ் தெரியாதவரே எழுதியிருக்கலாம். இன்னொன்று, பயப்படாத நோயாளியைப் பார்த்து நீங்கள் நிம்மதி அடையாதீர்கள். அவர் பயப்படாதது அவருக்கு விஷயம் தெரியாததால்.

ஒரு மாதம் கழித்து என் போன் அடித்தது. லூர்து அக்கா.

"டிரெஸ்ஸர், அந்தப் பல்லு இன்னும் உயிர வாங்குது. திங்கக்கெழம திரும்ப தேதி குடுத்திருக்காங்க."

"ரத்தம் சோதிச்சாங்களாக்கா?"

"எல்லாம் சரியாயிருச்சாம். பேப்பர்ல இருக்கு. ஆனா எனக்கு அந்த நாக்காலியில ஒக்கார பயமா இருக்கு." உடனே கட்டளையாகச் சொன்னார்: "நீ வந்து நில்லு."

வேலையில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். அந்தோணி அண்ணன் வெளியே வேனில் இருந்தார், தலையை மட்டும் அசைத்தார். நான் ஆதரவாகச் சிரித்துப் பார்த்தேன், அக்கா சிரிக்கவில்லை. பேப்பரை என்னிடம் கொடுத்து, "நீயும் படி" என்றார். ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துப் படித்தேன். பல் டாக்டரும் படித்தார். ஊசி போட்டார். நான் அக்காவின் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீங்கவில்லை. பல் வந்தது. குழியில் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார்.

அரை மணி நேரம். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார், உதடு மட்டும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது.  முப்பத்து சொச்சம் வருஷத்தில் எத்தனையோ பிளந்த தலைகளைப் பார்த்தவன், ஒரு கடைவாய்ப் பல்லுக்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பல் டாக்டர் வந்து பஞ்சை எடுத்தார். விளக்கை இழுத்து, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். குழி நிறைய கறுஞ்சிவப்பாக ரத்தம் கட்டியாக உறைந்திருந்தது.

"நின்னுடுச்சுக்கா" என்றேன். 

அக்கா கண்ணைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். மரத்துப்போன வாயால், ஒவ்வொரு சொல்லாக, சொன்னார்:

"அப்ப போ. ஆஸ்பத்திரியில ஒனக்கு ஆளுங்க காத்திருப்பாங்க."

காரில் ஏறினேன். கொஞ்ச நேரம் ஓட்ட முடியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.